சென்னியப்பனின் பங்கு

நான் படிக்கும் முதியோர் பராமரிப்பு மாலை வகுப்பில் குறிப்பேட்டுக்கு ஒரு விதி உண்டு. இடது பக்கத்தில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். நினைத்ததை வலது பக்கத்தில் எழுதலாம். இரண்டும் கலந்தால் ஆசிரியை தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முதல் மாதத்தில் என் தாள்கள் ஆறு திரும்பி வந்தன. ஒன்றில் "அவர் மகிழ்ச்சியாக இருந்தார்" என்று இடது பக்கம் எழுதியிருந்தேன். மகிழ்ச்சியை எங்கே பார்த்தாய் என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு "வாயின் ஓரம் மேலே போனது, நான்கு விநாடி" என்று எழுதப் பழகிக்கொண்டேன்.

இங்கே இரண்டு பக்கங்களையும் சேர்த்து எழுதுகிறேன். சேர்ப்பது சரியா என்று தெரியவில்லை. பிரித்து எழுதினால் என் தவறு எந்த இடத்தில் நடந்தது என்பது தெரியாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பகலில் நான் அந்திமல்லி இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அவிநாசி சாலையில் சின்னியம்பாளையத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். மறதி நோய் வந்த அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் கூடம், முற்றம், சாப்பாட்டு மேசை, ஆட்கள், சத்தம். மேலே அமைதித் தளம். அங்கே கட்டில்களும் திரைச்சீலைகளும் மட்டும். மேலே போனவர்கள் கீழே வந்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் மூன்று மாதம், அதிகம் போனால் ஐந்து.

யார் கீழே இருப்பது, யார் மேலே போவது என்பதை முன்பெல்லாம் மருத்துவர் தீர்மானித்தார். இப்போது அதற்கும் மாலை நான்கு மணி இசை நேரத்துக்கும் தொடர்பு வந்துவிட்டது.

கூடத்தில் எட்டு நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். உட்காருபவர்களின் வலது மணிக்கட்டில் ஒரு கைப்பட்டை கட்டுவோம். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வாத்தியத்தின் ஒலி. கையை அசைத்தால் ஒலி வரும். அசைக்க முடியாவிட்டாலும் வரும், அதுதான் இதில் புதுமை. பட்டைகளைப் பராமரிக்கும் நிறுவனத்திலிருந்து மாதம் இருமுறை வரும் இர்ஃபான்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"விரல் அசையறதுக்கு முன்னாடியே தசைல ஒரு சிக்னல் ஓடும். நாம வாசிக்கணும்னு நினைச்சோம்ல, அந்த நினைப்போட வால்னு வெச்சுக்கங்க. பட்டை அந்த வாலைப் புடிச்சுக்கும். அவங்க பாதி நினைச்சா மீதிய மெஷின் நிரப்பும். தப்பா நினைச்சா திருத்தும். எட்டுப் பேரும் சேந்து வாசிக்கிற மாதிரி கோத்துக் குடுத்துரும்."

"திருத்தினதெல்லாம் எங்கே போகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"இசைல சேராததெல்லாம் கழிவு. முப்பது நாள் இருக்கும், அப்புறம் தானா அழிஞ்சுரும்."

கேட்ட இசையில் எவ்வளவு அந்த மனிதருடையது, எவ்வளவு இயந்திரம் நிரப்பியது என்பது ஒவ்வொரு நாளும் ஒரு எண்ணாக வரும். அதற்குப் பங்கு என்று பெயர். வாரம் ஒருமுறை ஒலிப்பதிவும் பங்கும் குடும்பத்தாருக்குப் போகும். நான்கு வாரம் தொடர்ந்து பங்கு பத்துக்குக் கீழே இருந்தால் நாற்காலி அடுத்தவருக்கு, இவர் மேல்தளத்துக்கு. இந்த விதியை எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்தது.

சென்னியப்பன் ஐயா மூன்றாவது நாற்காலி. எழுபத்தெட்டு வயது. முப்பத்து மூன்று வருடம் பேருந்து நடத்துநர். பேருந்துகளில் நடத்துநர் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோதே அட்டையைத் தேய்த்துவிட்டு ஏறுவதுதான் வழக்கம். அவருக்குக் கொடுத்திருந்தது புல்லாங்குழல் ஒலி. ஆனால் அவர் உட்காரமாட்டார். இசை தொடங்கியதும் எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே நடப்பார். கதவு வரை போவார், திரும்புவார். ஜூன் கடைசி மூன்று வாரம் அவருடைய பங்கு ஆறு, ஏழு, ஐந்து.

ஜூலை முதல் வாரம் தளப் பொறுப்பாளர் ஜெசிந்தா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஐயாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இங்கே எல்லோரும் செய்வதுதான். கையைப் பிடித்தால் எழுந்திருக்க மாட்டார்கள். நானும் பிடித்தேன். உட்கார்ந்தார். இடது பக்கத்தில் "4.02, வலது கையைப் பிடித்தேன்" என்று எழுதினேன். அதை எழுதியும் அதைப் பார்க்கவில்லை.

பத்து நாளில் பங்கு பத்தொன்பது. ஆகஸ்டு நடுவில் நாற்பத்தொன்று. கூடத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. புல்லாங்குழல் தனியாகத் தெரிந்தது. கொஞ்சம் துள்ளலாகப் போய், ஓரிடத்தில் தயங்கி, மறுபடி பிடித்துக்கொள்ளும் ஒரு மெட்டு. ஒவ்வொரு நாளும் சிறிது மாறி அதே மெட்டு. சிஸ்டர் என் தோளைத் தட்டினார். வகுப்பில் என் குறிப்பை ஆசிரியை சத்தமாகப் படித்தார். நான் எதையாவது நன்றாகச் செய்தேன் என்று யாரும் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால்தான் சந்தேகப்படவில்லையோ என்னவோ.

அவருடைய மகள் செல்வநாயகி சனிக்கிழமைகளில் வருவார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் பகுதிக்கு மேற்பார்வையாளர். அதுவரை வருவார், பழம் வைப்பார், அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்திருப்பார், போவார். அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஐயாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆகஸ்டு கடைசியில் அவரே சொன்னார். காதல் திருமணம். மாப்பிள்ளை வேறு ஆட்கள். அப்பா பதினோரு வருடம் பேசவில்லை. வாசலில் போய் நின்றால் உள்ளே எழுந்து போய்விடுவாராம்.

"அப்புறம் இந்த நோவு வந்துச்சுங்க. கோவத்த மறந்துட்டாரு. அதோட சேத்து என்னையும் மறந்துட்டாரு. எதுக்குச் சந்தோசப்படறது, எதுக்கு அழுகறதுன்னே தெரியலைங்க."

இப்போது அந்த மெட்டைக் கைபேசியில் வைத்திருந்தார். தினமும் சமையல் செய்யும்போது போடுவாராம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்களுக்கும் சேர்த்துத்தான் மாமனார் வாசிக்கிறார் என்று சொல்வாராம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயின் ஓரம் மேலே போனது. நான் விநாடி எண்ணவில்லை.

துளசிமணி அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்தான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். பெயர் பட்டியலில் இருப்பது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் நான்கு மணிக்கு இசை கேட்டால் கூடத்துக் கதவுக்கு வந்துவிடுவார். நிலையில் சாய்ந்து நின்று விரல்களால் மரத்தில் தட்டுவார். நன்றாகத் தட்டுவார். ஒவ்வொரு நாளும் முதல்முறை கேட்பதுபோலக் கேட்பார்.

"ஒரு சேரு காலி இருக்குதுங்களா கண்ணு?"

"இன்னிக்கு இல்லைங்கம்மா."

"செரி, நின்னுக்கறேன். நிக்கறதுக்கு ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கல்ல?"

சிறிது நேரத்தில் கால் வலித்துப் போய்விடுவார். இதையெல்லாம் நேரத்தோடு இடது பக்கத்தில் எழுதிவந்தேன். துளசிமணி, கதவு, 4.12. போனார், 4.19. எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன். எதை விடலாம் என்று தீர்மானிக்கத் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் எழுதுவார்கள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி வகுப்புக்குப் போகும் பேருந்தில் நின்றபடி அந்த வாரத்து ஒலிப்பதிவைக் கேட்டேன். என் கால் நகர்ந்தது. வலது, வலது, இடது, பின்னால். கம்பியைப் பிடித்துக்கொண்டு அடி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை நான் வள்ளி கும்மி ஆடினேன். எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பிள்ளைகள் பாதிப்பேர் ஆடியிருப்பார்கள். கோயில் திடலில் பயிற்சி, இருநூறு பேர், ஒரே நிறச் சேலை. நான் பின்வரிசை. ஏனென்றால் எட்டாவது அடியில் திரும்பும்போது எப்போதும் அரை எண்ணிக்கை பிந்துவேன். வாத்தியார் மைக்கிலேயே சொல்வார், மேகலா, ஊரே திரும்பியாச்சு, நீ எப்பத் திரும்புவே என்று. இருநூறு பேரும் சிரிப்பார்கள். அதனால்தான் விட்டேன்.

ஒலிப்பதிவில் புல்லாங்குழல் எட்டாவது எண்ணிக்கையில் தயங்கியது. அரை எண்ணிக்கை.

பேருந்தை விட்டு இறங்கி நின்றேன். மறுபடி கேட்டேன். செல்வநாயகி மிகவும் விரும்பிய இடம் அதுதான். அப்பா ஏதோ சொல்ல வந்து தயங்குவதுபோல இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

நான் தவறாகவும் நினைத்திருக்கலாம். அதனால் நான்கு நாள் சோதனை செய்தேன். முதல் நாள் வழக்கம்போலக் கையைப் பிடித்தேன். நாற்பத்து மூன்று. இரண்டாம் நாள் பிடிக்கவில்லை. மூன்று. மூன்றாம் நாள் ரப்பர் கையுறை போட்டுப் பிடித்தேன். நான்கு. நான்காம் நாள் வெறும் கை. நாற்பத்திரண்டு. கையை அசைக்காமல் வைத்திருப்பதாகத்தான் நான் நம்பினேன். ஆனால் இசை கேட்டால் என் விரல்களுக்குள் கும்மி ஓடுகிறது, எனக்கே தெரியாமல்.

மறுவாரம் இர்ஃபான் வந்தபோது கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தோலும் தோலும் ஒட்டியிருந்தா ரெண்டு சிக்னலும் ஒரே பட்டைக்குத்தாங்க வரும். எது பலமோ, எது ஒழுங்கா இருக்கோ, அதை எடுத்துக்கும். உங்களுது ஒழுங்கா இருந்திருக்கு."

என்னுடையது ஒழுங்காக இருந்தது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். எனக்கு அழுகை வந்தது.

"அப்ப அவரோடது?"

"அவரோடது கழிவுக்குப் போயிருக்கும். ஏதாவது இருந்திருந்தா."

கழிவைக் கேட்க முடியுமா என்றேன். யாரும் கேட்டதில்லையே என்று சொல்லிக்கொண்டே திறந்துகொடுத்தார். கடந்த முப்பது நாட்களின் கழிவு. பெரும்பாலும் இரைச்சல். நடுக்கம், இருமல், கையைச் சொறிவது. அதன் நடுவே ஒரு சின்ன ஒலி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு சின்ன ஒலிகள், அடுத்தடுத்து. எந்த நாளை எடுத்தாலும் அப்படித்தான். ஒன்று. இடைவெளி. இரண்டு.

"இதெல்லாம் சும்மா துடிப்புங்க," என்றார் இர்ஃபான். "இதுல இசை இல்லை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒலிகளுக்கு நேரம் போட்டிருந்தது. என் குறிப்பேட்டிலும் நேரம் இருந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. ஊழியர் அறையில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். துளசிமணி கதவுக்கு வந்தது 4.12. ஒரு ஒலி 4.12. அவர் போனது 4.19. இரண்டு ஒலி 4.19. சமையல்காரர் தேநீர் வண்டியோடு வந்தது 4.30, ஒன்று. போனது 4.34, இரண்டு. சனிக்கிழமை செல்வநாயகி உள்ளே வந்தபோது ஒன்று. எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு. முப்பது நாளில் நான் குறித்திருந்த வருகைகள் எழுபத்தாறு. அறுபத்தொன்பதில் பொருந்தியது. மீதி ஏழில் நான் நேரத்தைத் தவறாக எழுதியிருக்கலாம்.

இது என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்தக் கைக்குள் யாரோ விழித்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. நான்தான் அந்தக் கையைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தேன்.

சிஸ்டரிடம் சொன்னேன். சோதனை, கழிவு, எல்லாம். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எழுதிட்டியா?"

"இடது பக்கத்துல எழுதியிருக்கேன் சிஸ்டர்."

"ஒண்ணு, ரெண்டு சத்தத்துக்கெல்லாம் பங்கு கணக்கு வராது மேகலா. நீ கையை எடுத்தா அவருக்கு மூணுதான். நாலு வாரத்துல மேலே. உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"கையைப் பிடிக்காதேன்னு எந்த விதியிலும் எழுதலை," என்றார் மெதுவாக. "நான் உன்கிட்ட எதுவும் கேக்கலை. நீயும் எதுவும் சொல்லலை. போ."

அவர் கெட்டவர் இல்லை. மேல்தளத்தின் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவது அவர்தான். நான் ஒரு வாரம் தொடர்ந்து கையைப் பிடித்தேன். வலது பக்கம் எதுவும் எழுத முடியவில்லை. ஒவ்வொரு நாளும் 4.12க்கோ 4.15க்கோ துளசிமணி அம்மா வந்தார். சேரு காலி இருக்குதுங்களா கண்ணு? எட்டாவது நாள் அவர் கேட்டபோது ஐயாவின் மணிக்கட்டு என் உள்ளங்கைக்குள் லேசாகத் துள்ளியது. ஒருமுறை. நான் கையை எடுத்துவிட்டேன். அதன்பிறகு பிடிக்கவில்லை.

சனிக்கிழமை செல்வநாயகியை முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொன்னேன். ஆசிரியை சொல்லித்தந்தபடி, பார்த்ததை மட்டும் வரிசையாக. கை, கையுறை, எண்கள், எட்டாவது அடி. முடித்ததும் அவர் கைபேசியை எடுத்து அந்த மெட்டைப் போட்டார். தயங்கும் இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இது நீங்களா?"

"ஆமாங்க. எனக்குத் தெரியாமத்தான்."

"எங்கப்பா இல்லை?"

"இல்லைங்க."

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவருடையது வேறு இருக்கிறது என்று கழிவைக் கேட்கக் கொடுத்தேன். ஒன்று. இடைவெளி. இரண்டு. துளசிமணி அம்மா, தேநீர் வண்டி என்று ஆட்கள் வரும்போது, உட்காரும்போது, போகும்போது ஒலிப்பதை விளக்கினேன். அவர் முகம் இறுகியது.

"இது விசிலுங்க," என்றார். "ஒண்ணு அடிச்சா வண்டிய நிறுத்துன்னு அர்த்தம். ஆளு ஏறி உக்காந்தாலோ, எறங்கிப் போயிட்டாலோ ரெண்டு அடிப்பாங்க. ரைட்டு, போலாம்னு. சின்ன வயசுல அவரு வண்டியிலதான் பள்ளிக்கூடம் போனேன்."

நான் மகிழ்ச்சியோடு, பாருங்கள், நீங்கள் வந்ததும் நிறுத்தியிருக்கிறார் என்றேன். சொன்ன பிறகுதான் முட்டாள்தனம் என்று தெரிந்தது.

"டீ வண்டிக்கும் நிறுத்துனாருன்னு இப்பத்தான சொன்னீங்க? அந்தம்மாவுக்கும் நிறுத்துனாரு. ஏறுற சனம் அத்தனைக்கும் அடிக்கிற விசிலு அது. எனக்குன்னு இருந்தது இந்தப் பாட்டு ஒண்ணுதான். அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க." எழுந்தார். "இதை எதுக்குங்க எங்கிட்டச் சொன்னீங்க? நாஞ் சமைக்கறப்பக் கேட்டுட்டு இருந்திருப்பனே."

உள்ளே போய் அப்பாவைப் பார்க்காமலே போய்விட்டார்.

அடுத்த நான்கு வாரம் பங்கு மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி காலை ஐயாவை மேலே கொண்டுபோனார்கள். சக்கர நாற்காலியில் மின்தூக்கிக்குள் போகும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை மூன்றாவது நாற்காலியில் துளசிமணி அம்மா உட்கார்ந்தார். பங்கு அறுபத்து மூன்று. யார் கையையும் யாரும் பிடிக்கவில்லை. உண்மையாகவே நன்றாக வாசித்தார். அதையும் எழுத வேண்டும். என் தவறு மூன்றரை மாதம் அவரைக் கதவில் நிற்கவைத்தது.

மறுநாள் முதல் இசை நேரம் முடிந்ததும் மேலே போகத் தொடங்கினேன். பட்டை இல்லை. அதனால் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அவருடைய விரல்களுக்கு அடியில் வைத்தேன். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். இந்தமுறை என்னுடையது எதுவும் கலக்கக் கூடாது.

4.58க்கு உதவியாளர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார். டம்ளரில் நகம் பட்டது. ஒன்று. 5.06க்குப் போனார். இரண்டு. நான் அங்கேயே நின்று அழுதேன். என்ன அழுகை என்று தெரியவில்லை. வலது பக்கம் காலியாக இருக்கிறது.

வியாழன், வெள்ளி அப்படியே. யார் வந்தாலும் ஒன்று, போனால் இரண்டு. சனிக்கிழமை 5.10க்கு டம்ளர் ஒலித்தது. அறைக்குள் யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலைக்கு வெளியே செல்வநாயகி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று கை காட்டினேன். தலையசைத்து மறுத்தார். நான்கு நிமிடம் நின்றார். போனார்.

நான் இரண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஐந்தரை, ஆறு. வகுப்பு தொடங்கும் நேரமும் போயிற்று. வரவில்லை. ஞாயிறு யார் வந்தும் டம்ளர் ஒலிக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் ஒலிக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. புதன்கிழமை காய்ச்சல். கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று மருத்துவர் சொன்னார். அப்படியும் இருக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் செல்வநாயகி தொலைபேசியில் கூப்பிட்டார். முதலில் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். பின்னால் தையல் மிஷின்களின் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை நாஞ் சும்மா வெளியதான் நின்னேன். அவருக்குத் தெரிஞ்சுருக்காதில்லீங்க?"

நான் இடது பக்கத்தை எடுத்துப் படித்தேன். "அஞ்சு பத்துக்கு ஒண்ணுங்க. நீங்க போன பிறகு ரெண்டு வரலைங்க."

"மத்தவங்க போனா வருமா?"

"யாரு போனாலும் வருமுங்க. அன்னிக்குத்தான் வரலை. அதுக்கப்புறம் எதுவுமே வரலை."

மிஷின்களின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப வண்டி நின்னுட்டே இருக்குதுங்களா?" என்றார்.

கை தளர்ந்தும் இருக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"அஞ்சு மணிக்கு சிப்ட்டு முடியும். வந்துட்டிருக்கேன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அவருடைய கண் மூடியிருந்தது.

6.40க்கு வந்தார். வேகமாக நடந்து வந்ததில் மூச்சிரைத்தது. இந்தமுறை திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டம்ளர் ஒலிக்கவில்லை. அவர் அப்பாவின் வலது கையை, விரல்கள் டம்ளரின் மேல் இருந்தபடியே, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் சுவரோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிடிக்காதீர்கள், பிடித்தால் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று சொல்ல வாய் திறந்தேன். மகள் அப்பாவின் கையைப் பிடிப்பதை எப்படித் தடுப்பது?

"உக்காந்துட்டம்பா," என்றார் அவர்.

7.05க்கு டம்ளரில் இரண்டு ஒலி. அடுத்தடுத்து.

செல்வநாயகி அசையவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க."

"அவருதான?"

நான் அவர் கைகளைப் பார்த்தேன். மூன்று கைகளின் விரல்களும் ஒன்றாகக் கிடந்தன, எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாள் முழுவதும் துணியைத் தள்ளிப் பழகிய விரல்கள் அவை. என் விரல்களுக்குள் கும்மி ஓடியது எனக்குத் தெரியவில்லை. அவருடைய விரல்களுக்குள் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை.

"அவருதாங்க," என்றேன்.

மறுநாள் விடிந்தபோது ஐயா இல்லை.

அந்த வாரத்துத் தாள்களை வகுப்பில் கொடுத்தேன். ஒரு தாள் திரும்பி வந்தது. இடது பக்கத்தில் நான் "7.05, டம்ளரில் இரண்டு ஒலி" என்று எழுதியிருந்தேன். அதன் அருகே சிவப்பு மையில் ஒரே சொல். யார்?

அதற்குக் கீழே "தெரியாது" என்று எழுதிவிட்டேன். வலது பக்கத்தை வெறுமையாக விட்டேன். செல்வநாயகியிடம் நான் சொன்னதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அதை வகுப்பில் இன்னும் நடத்தவில்லை.